கணக்கப்பிள்ளையின் தாகம்

குழாயைத் திருகாதீங்க தம்பி, வராது. காலையில இருந்தே வரலை. குப்பியை அப்படி ஓரமா வச்சிட்டு உக்காருங்க. கப்பல்காரன்கிட்ட கேட்டீகளா? "பொறி வேலையா இருக்கு, கொஞ்சம் பொறுத்துக்கிடுங்க"ன்னு சொல்லியிருப்பானே. பொறுத்துக்கிடுங்க. இந்த வார்த்தையைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளிச்சுப்போச்சு.

என் பேரு கொப்பையா. பூர்வீகம் சாத்தூருக்குத் தெக்க ஒரு கரிசக்காட்டு ஊரு. சந்திரனுக்கு வந்துதான் தலை நரைச்சது. தோண்டி எடுத்த பனிக்கட்டியைத் தண்ணியா உருக்குற பனிக்கிட்டங்கியில எடை போடுற வேலை பாத்து, ஓய்வு வாங்கி, இப்ப மூணாம் மூடியில குடியிருக்கேன். நீங்க ஏவாரமா வந்துட்டுப் பூமிக்குத் திரும்புறீகளா? சரி, அப்ப ஊருக்குள்ள சுத்திப் பாத்திருக்க மாட்டீக. மூடின்னா வேற ஒண்ணும் இல்லை. தரையில பெரிய பள்ளமா தோண்டி, மேல கண்ணாடியும் பித்தளையுமா ஒரு மூடியைப் போட்டு, உள்ளுக்குள்ள காத்தை அடைச்சு வச்சிருக்காக. பால்சட்டிக்குத் தட்டு போட்ட மாதிரி. அதுக்குள்ளதான் வீடு, தெரு, டீக்கடை, கோயில் எல்லாம். வெளிய தலையை நீட்டினா உசுரு போயிரும். அங்க பிழைக்கணும்னா காத்தும் தண்ணியும் குழாய் வழியாத்தான் வரணும். அதுல தண்ணி வரலைன்னா மனுசன் கேப்பானா மாட்டானா? நான் கேட்டேன். அது ஒரு குத்தமாப் போச்சு.

கணக்கப்பிள்ளையைப் பாத்தீகளா? பாக்கலையா? சந்திரனுக்கு வந்துட்டு அவரைப் பாக்காமப் போறீகளே. நாலு மாடி உசரம் இருப்பாரு. பூராவும் பித்தளை. உள்ளுக்குள்ள பல்சக்கரம் ஒண்ணுமேல ஒண்ணா, எண்ணி மாளாது. கீழ ஒரு கொதிகலன். தண்ணி கொதிச்சு ஆவி ஏறினாத்தான் அவருக்கு மூளை ஓடும். எந்த மூடிக்கு எம்புட்டுக் காத்து, எம்புட்டுத் தண்ணி, எந்தக் கப்பல் எப்பக் கெளம்பணும், எல்லாம் அவரு போடுற கணக்குதான். நம்ம கேள்வியை அட்டையில துளை போட்டு உள்ள தள்ளினா, அவரு யோசிச்சு, பதிலை நாடாவுல அச்சடிச்சு வெளிய விடுவாரு. அந்த எந்திரத்துக்கு வேற பேரு ஒண்ணு வச்சிருக்காக, வாயில நுழையாது. எங்க சனம் வச்ச பேருதான் கணக்கப்பிள்ளை.

மூடி கட்டின காலத்துல ஒரு சட்டம் எழுதி வச்சிட்டாக. யாரு மனு கொடுத்தாலும் சரி, கணக்கப்பிள்ளை யோசிச்சுப் பதில் சொல்லியே ஆகணும். ஏழை பணக்காரன் பாக்கக் கூடாது. தள்ளி வைக்கக் கூடாது. அருமையான சட்டம் தம்பி. அந்த ஊர்ல அந்தச் சட்டத்தை மதிச்சவன் நான் ஒருத்தன்தான்.

எனக்கு மனு புதுசு இல்லை. எங்க ஊர்ல தெருவிளக்கு கொண்டாந்தது யாரு? நான். ஆவி பஸ்ஸு ஊருக்குள்ள நிக்காமப் புகையை மட்டும் விட்டுட்டுப் போய்க்கிட்டிருந்துச்சு. அதை நிப்பாட்டினது யாரு? நான்தான். திங்கக்கிழமை ஆனா மனுவும் கையுமா வரிசையில மொத ஆளா நிப்பேன். என் தலையைக் கண்டாலே அதிகாரிக எந்திரிச்சு உள்ள போயிருவாக. அப்படிப் பழக்கி வச்சிருந்தேன். கரிசக்காட்டுல பொறந்தவனுக்கு ஒண்ணு தெரியும். கேக்காதவன் வீட்டுக்கு மழைகூடப் பெய்யாது. அடிமேல அடி அடிச்சா அம்மியும் நகரும். நாலு மாடிப் பித்தளை நகராதா?

மொதல்ல என்ன ஆச்சுன்னா, காலையில குழாய் விட்டா ஒரு வீட்டுக்கு நாலு குடம் வந்துக்கிட்டிருந்தது, மூணரையாக் கொறைஞ்சது. அரைக்குடம்தானேன்னு எல்லாரும் பேசாம இருந்தாக. நான் சும்மா இருக்கலை. சட்டையை மாட்டிக்கிட்டு நேரா மனு ஜன்னலுக்குப் போனேன்.

அந்த ஜன்னல்ல தெபோராள்னு ஒரு அம்மா. நாசரேத்துப் பக்கத்துக்காரி. அட்டையில துளை போடுற உத்தியோகம். நல்ல பொம்பளைதான், கோவமே வராது. அதுதான் எனக்குப் பிடிக்காது. "அண்ணாச்சி, என்ன வேணும்"னாக. சொன்னேன். துளை போட்டு உள்ள தள்ளினாக. கீழ கொதிகலன் உறும, மேல சக்கரம் சுத்த, கொஞ்ச நேரத்துல நாடா வந்துச்சு. "பனி வரத்துக் குறைவு. பொறுத்துக்கொள்ளவும்."

பொறுத்துக்கொள்ளவும். ஒரு ஐயாங்கிறது இல்லை, தயவுங்கிறது இல்லை. எனக்கு வந்துச்சே கோவம். எதுனால குறைவு, எம்புட்டுக் குறைவு, எப்ப சரியாகும்னு மூணு கேள்வி கேட்டு மறுநாளே ஒரு மனு போட்டேன். அதுக்கும் பதில் வந்துச்சு. அந்தப் பதிலுக்கு ஆட்சேபணை மனு. அப்புறம் நினைவூட்டு மனு. நினைவூட்டினதை நினைவூட்டி இன்னொண்ணு.

அதுல ஒரு சூட்சுமம் இருக்கு தம்பி. கேட்டதையே திரும்பக் கேட்டா அவரு யோசிக்க மாட்டாரு, பழைய பதிலையே எடுத்து நீட்டிருவாரு. அதனால ஒவ்வொரு வாட்டியும் கேள்வியை மாத்தணும். புது விவரம் சேக்கணும். அப்பத்தான் அடியில இருந்து மறுபடி கணக்குப் போடுவாரு. நான் பழைய எடைக்காரன்ல, பனிவண்டி பாரமெல்லாம் மனசுல கெடக்கு. ஒவ்வொண்ணா எடுத்து விட்டேன். அந்தக் கட்டடமே அதிரும். ரோட்டுல போறவுக நின்னு பாப்பாக. கொப்பையா மனு போட்டிருக்கான்னு எல்லாருக்கும் தெரிஞ்சுபோகும். பொய் சொல்லக் கூடாது, அதுல எனக்கு ஒரு பெருமை இருக்கத்தான் செஞ்சது.

ஆனா தண்ணி? மூணரைக் குடம் மூணாச்சு. மூணு ரெண்டாச்சு. நான் மனு போடப் போட அவரு தண்ணியைக் கொறைக்கிறாரு. பழி வாங்குறாரு தம்பி. இரும்புக்கும் பித்தளைக்கும் இம்புட்டு வன்மம் இருக்கும்னு நான் நினைச்சதே இல்லை.

ஒருநாள் தெபோராள் அம்மா ஜன்னலைப் பாதி சாத்திட்டு, மெதுவாப் பேசினாக. "அண்ணாச்சி, தப்பா எடுக்காதிய. கணக்கப்பிள்ளைக்குத் தண்ணி எங்கயிருந்து வருதுன்னு நெனைக்கிய? மூணாம் மூடிக் குழாய்லயிருந்துதான் கொதிகலனுக்குப் போகுது. நீங்க ஒரு மனு போட்டா ஒரு கொப்பரை கொதிக்கணும். ஆவி முழுசும் திரும்பத் தண்ணியா ஆகாது, சக்கரத்து இடுக்குல பாதி கசிஞ்சு போயிருது. அதைத்தான் ஒங்க தெருவுல கொறைக்காவ. கொஞ்ச நாளைக்கு மனு போடாம இருந்து பாருங்களேன்" அப்படின்னாக.

எப்படி இருக்கு கதை? நம்ம தண்ணியை எடுத்துக் குடிச்சுட்டு, நம்மளை வாயை மூடிக்கிட்டு இருன்னு சொல்றாக. வேலியே பயிரை மேயுதா இல்லையா? "அம்மா, அப்படின்னா அவரு குடிக்கிறதைக் கொறைக்கச் சொல்லுங்க. நான் கேக்குறதை ஏன் கொறைக்கணும்?"னேன். அவுக நெத்தியில கையை வச்சிக்கிட்டாக. உண்மையைச் சொன்னா அப்படித்தான், பதில் இருக்காது.

விட்டேனா? அன்னைக்கே போட்டேன் ஒரு மனு. வாழ்க்கையில நான் எழுதின மனுவுலயே அதுதான் பெரிசு. கணக்கப்பிள்ளை யோசிக்க ஆரம்பிச்ச நாள்ல இருந்து இன்னைக்கு வரைக்கும், ஒவ்வொரு யோசனைக்கும் எம்புட்டுத் தண்ணி குடிச்சாரு, பைசல் பண்ணிச் சொல்லணும்னு கேட்டேன். தெபோராள் அம்மா அட்டையைக் கையில வச்சிக்கிட்டு அழுகுற மாதிரி பாத்தாக. "வேண்டாம் அண்ணாச்சி"ன்னாக. சட்டம் இருக்குன்னேன். உள்ள தள்ளினாக.

வாரம் பூரா ஓடினாரு தம்பி. பகலும் ராத்திரியும் தடதடன்னு. மூணாம் மூடியில ஒரு சொட்டுத் தண்ணி இல்லை. ரெண்டாம் மூடியில போய்க் கையேந்திக் குடிச்சோம். வெயிலுமுத்துன்னு டீக்கடைக்காரன், எங்க எதிர்வீடு, கடையைச் சாத்திட்டு என் வீட்டு வாசல்ல வந்து உக்காந்துக்கிட்டான். "குண்டுச்சட்டிக்குள்ள குதிரை ஓட்டுனாக்கூடப் பரவால்ல, நீரு யானையை ஓட்டுறீரே"ன்னான். இவனுக்காகவும் சேத்துத்தானே நான் போராடுறேன், இவனுக்கு நக்கலு. அன்னையில இருந்து அவன் எங்கூடப் பேச்சை விட்டுட்டான்.

கடைசியில நாடா வந்துச்சு. ஒத்தை வரி. "இந்த மனு வருவதற்கு முன் குடித்ததை எல்லாம் சேர்த்தாலும், இந்த மனுவுக்குக் குடித்தது அதிகம்."

பாத்தீகளா? ஒத்துக்கிட்டாரு. அவரு வாயாலேயே ஒத்துக்கிட்டாரு. அந்த நாடாவைக் கண்ணாடிச் சட்டம் போட்டு வீட்டுல மாட்டினேன். சாமி படத்துக்குப் பக்கத்துல மாட்டினேன்னு சுப்புத்தாய்க்குக் கோவம்.

சுப்புத்தாய்ங்கிறது என் வீட்டுக்காரி. அவளைப் பத்திச் சொல்லலையே. அவ ஒரு கீரைப்பாத்தி வச்சிருந்தா. பழைய கொதிகலன் தகட்டைத் தொட்டி மாதிரி வளைச்சு, சமையல் கழிவைப் போட்டு மண்ணு பண்ணி, அரைக்கீரை, சிறுகீரைன்னு போட்டிருந்தா. மூணாம் மூடியில பச்சையாக் கண்ணுல படுறது அது ஒண்ணுதான். பொம்பளைக கீரை வாங்க வந்தாலும் வாங்காட்டாலும், போற வழியில நின்னு ஒருதரம் பாத்துட்டுப் போவாக. இவ அதுக்கு முகம் கழுவின தண்ணி, அரிசி களைஞ்ச தண்ணின்னு ஊத்தி ஊத்தி வளத்தா. தான் குடிக்கிறதுல மிச்சம் பிடிச்சுக்கூட ஊத்தியிருக்கா. நான் பாத்திருக்கேன். பாக்காத மாதிரி இருந்துக்கிட்டேன்.

அவ என்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேட்டா. "ஒரு வாரம். ஒரே ஒரு வாரம் அந்த ஜன்னல் பக்கம் போகாம இருங்க. கீரை பொழைச்சுக்கிடட்டும்." எதுக்காகச் சொல்றான்னு எனக்குத் தெரியாதா? தெபோராள் அம்மா இவளைப் பிடிச்சுப் பேசியிருக்காக. ரெண்டு பேரும் ஒரே கோயில் தெரு இல்லை, ஒரே சாமிகூட இல்லை, ஆனாலும் பொம்பளைக கூடிக்கிடுவாக. "உனக்காகத்தான்டி மனு போடுறேன், உன் கீரைக்காகத்தான்"னேன். "எனக்காக ஒண்ணும் வேண்டாம், எனக்காகச் சும்மா இருங்க"ன்னா. சும்மா இருக்குறது எப்படி ஒருத்திக்காகச் செய்யுற காரியம் ஆகும்? எனக்கு இன்னும் வெளங்கலை.

இடையில ஒண்ணு நடந்துச்சு, அதையும் சொல்லிருறேன், எதையும் மறைக்கக் கூடாது. எனக்குக் காய்ச்சல் வந்துருச்சு. எந்திரிக்க முடியலை. நான் படுத்திருந்த நாளெல்லாம் மனு போகலை. பாத்தா, கொஞ்ச நாள்ல குழாய்ல தண்ணி வருது. ஒரு குடம், ரெண்டு குடம், நாலு குடம். தெருவே குடத்தைத் தூக்கிக்கிட்டு ஓடுது. வெயிலுமுத்து கடையைத் தொறந்துட்டான். சுப்புத்தாய் எனக்குக் கஞ்சி கொண்டாந்து கொடுத்துட்டு, என்னமோ சொல்ல வர்ற மாதிரி என் மூஞ்சியவே பாத்துக்கிட்டு நின்னா. அவ சிரிச்சு நான் பாத்து வெகுநாள் ஆச்சு. அன்னைக்குச் சிரிச்சா.

எனக்கு அப்பவே புரிஞ்சுபோச்சு. நான் கடைசியாப் போட்ட மனு வேலை செஞ்சிருக்கு. மனுங்கிறது விதை மாதிரி தம்பி, போட்டவுடனே மொளைக்காது, நாள் பிடிக்கும். ஆள் பயந்துட்டாரு. பயந்த நேரத்துல விடலாமா? காத்துள்ளபோதே தூத்திக்கிடணும். காய்ச்சல் விட்ட மறுநாளே, போர்வையைப் போத்திக்கிட்டுப் போய் மூணு மனு ஒண்ணாப் போட்டேன். நாலு குடத்தை அஞ்சாக்கணும்னு ஒண்ணு. இத்தனை நாள் கொறைச்சதுக்கு நட்டஈடு கேட்டு ஒண்ணு. இனிமே கொறைக்க மாட்டேன்னு எழுதிக் கொடுக்கச் சொல்லி ஒண்ணு.

மறுநாள் காலையில குழாய் சீறுச்சு. வெறும் காத்து. நம்பிக்கைத் துரோகம் தம்பி. கொடுத்துட்டுப் பிடுங்குறது இருக்கே, அது கொடுக்காம இருக்குறதைவிட மோசம்.

அந்த வாரம்தான் கீரை பட்டுப்போச்சு. சுப்புத்தாய் கத்தியிருந்தா நானும் கத்தியிருப்பேன், சரியாப் போயிருக்கும். அவ உக்காந்து ஒவ்வொரு செடியா வேரோட பிடுங்கி, மண்ணை உதறி, ஓரமா அடுக்கினா. அடுக்கி முடிச்சுட்டுத் தொட்டியைக் கவுத்து வச்சா. எனக்கு அதைப் பாக்கப் பொறுக்கலை. அந்த ஆத்தாமையிலதான் நேரா எந்திரிச்சுப் போய்க் கீரைக்காக ஒரு மனு போட்டேன். வேற நான் என்னத்தச் செய்ய? எனக்குத் தெரிஞ்சது அதுதானே. திரும்பி வந்தா அவ வீட்டுல இல்லை.

எங்க போயிருந்தான்னு நெனைக்கிறீக? மனு ஜன்னலுக்கு. நான் ஒரு தெரு வழியா வர, அவ இன்னொரு தெரு வழியாப் போயிருக்கா. அவ ஆயுசுல மொதல் மனு. கணக்கப்பிள்ளை ஒரு உறுமல்கூட உறுமலையாம், அட்டை உள்ள போறதுக்குள்ள பதில் வந்துருச்சாம். தெபோராள் அம்மாவே அதிசயமாச் சொன்னாக. "என்னடி கேட்டே"ன்னேன். "உங்களைப் பத்தித்தான் கேட்டேன். நீங்க பூமிக்குப் போனா எல்லாத்துக்கும் நல்லதுன்னு சொல்லிட்டாரு"ன்னா.

எனக்கு ஒரு பக்கம் கோவம், ஒரு பக்கம் சந்தோசம். ஏன்னா அவரு என்னைப் பெரிய ஆளா மதிச்சிருக்காரு பாருங்க. இங்க முடியாது, மேல போன்னு அவரே வழி காட்டியிருக்காரு. பூமியில தலைமைப் பொறி இருக்குல்ல, இதுக்கெல்லாம் பெரியவரு, அங்கதான் மேல்முறையீடு.

அன்னைக்குச் சாயங்காலமே தெருவுல கூட்டம் போட்டுட்டாக. நான் கூட்டலை, தானாக் கூடுச்சு. இத்தனை நாள் ஒரு கையெழுத்துக்குக் கெஞ்சினாலும் வராத சனம், அன்னைக்கு ஒருத்தர் பாக்கியில்லாம வந்திருந்துச்சு. வெயிலுமுத்து எந்திரிச்சு, "எரியறதைப் பிடுங்கினாக் கொதிக்கிறது தன்னால அடங்கிரும். என்ன சொல்றீக?"ன்னான். எல்லாரும் கையைத் தூக்கினாக. சரியான பேச்சு. தலைமையில போய்ப் பிடுங்கினாத்தான் இவரு அடங்குவாருன்னு அவனுக்குக்கூடத் தெரிஞ்சிருக்கு. மாசக்கணக்காப் பேசாதவன் வந்து என்னைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டான். கண்ணெல்லாம் கலங்கிப்போச்சு அவனுக்கு.

கப்பல் சீட்டுக்குத் தெருவே சேந்து போட்டாக. சுப்புத்தாய் காதுல கெடந்த தோட்டைக் கழட்டி மொத ஆளா வச்சா. போறதுக்கு மட்டும்தான் சீட்டு. திரும்பி வர்றதை அங்க வாங்கிக்கிடலாம், அவசரமாக் கெளம்புங்கன்னுட்டாக. சந்திரன்ல பூ ஏது, அதனால பழைய நாடாவைச் சுருட்டி ஒரு மாலை கட்டிப் போட்டாக. எல்லாம் எனக்கு வந்த பதிலுகதான். "பொறுத்துக்கொள்ளவும், பொறுத்துக்கொள்ளவும்"னு கழுத்தைச் சுத்தி அச்சடிச்சிருக்கு. ரெண்டாம் மூடியில இருந்துகூட வழியனுப்ப ஆள் வந்திருந்தாக. தெபோராள் அம்மா ஜன்னலைச் சாத்திட்டு வந்திருந்தாக. ஒரு அரசியல்வாதிக்குக்கூட அப்படி ஒரு கூட்டம் வராது.

இந்தச் சட்டையைப் பாருங்க. கெளம்புறதுக்கு முந்தின நாள் சுப்புத்தாய் துவைச்சது. தண்ணி இல்லாத ஊர்ல, ஒரு குடம் தண்ணியை முழுசா ஊத்தித் துவைச்சா. எங்க பிடிச்சு வச்சிருந்தாளோ. "எதுக்குடி, அழுக்காப் போனாத்தானே அங்க உள்ளவுகளுக்கு நம்ம கஷ்டம் தெரியும்"னேன். "இருக்கட்டும், நல்ல சட்டையோட போங்க"ன்னா. கப்பல் ஏணியில நான் ஏறும்போது, "அங்க தண்ணிக்குப் பஞ்சமில்லை, வயிறு நெறையக் குடிங்க"ன்னா. அழுதா. நான் திரும்பி வெற்றியோட வருவேன்னு சொன்னேன். அதுக்கு இன்னும் ஜாஸ்தியா அழுதா.

நேத்து அவகிட்ட இருந்து தந்தி வந்துச்சு. இதுதான், படிங்க. "தண்ணி வந்துருச்சு. கீரை போட்டிருக்கேன். உடம்பைப் பாத்துக்கிடுங்க."

நான் துள்ளிட்டேன். நான் கெளம்பின செய்தி கேட்டே ஆள் பணிஞ்சுட்டாரு. இன்னும் பாதி வழிகூட வரலை, பூமியில கால் வைக்கலை, ஒரு மனு போடலை, அதுக்குள்ள தண்ணி விட்டுட்டாரு. இந்தக் கப்பல்ல ஒவ்வொருத்தர்கிட்டயும் காட்டினேன். நல்லது நல்லதுன்னாக.

அப்புறம் உக்காந்து இன்னொரு வாட்டி படிச்சேன். என் சோலி முடிஞ்சுபோச்சுல்ல தம்பி. தண்ணிக்குத்தானே போனேன், தண்ணிதான் வந்துருச்சே. அப்ப என்ன எழுதியிருக்கணும்? வாங்கன்னு எழுதியிருக்கணும். அடுத்த கப்பல்ல திரும்பி வாங்கன்னு. எழுதலை. தந்தியில வார்த்தைக்கு இம்புட்டுன்னு கூலி வாங்குவாக, மிச்சம் பிடிச்சிருப்பா, அவ சிக்கனக்காரி. ஆனா உடம்பைப் பாத்துக்கிடுங்கன்னு எழுத இருந்த காசு, வாங்கன்னு எழுத இல்லாமப் போச்சா? அது ஒத்தை வார்த்தைதானே. அங்கயும் இங்கயும் பொரண்டு பாத்தேன். சோறு இறங்கலை. நாக்குல எதை வச்சாலும் கசக்குது.

அதான் காலையில இந்தக் கப்பல் பொறிகிட்டப் போய் மனு போட்டேன். ஆமா, இங்கயும் ஒரு கணக்கப்பிள்ளை கீழ் அறையில இருக்காரு, சின்னவரு. பூமிக்கு வழி பாக்குறதுக்கு மட்டும்தான்னு கப்பல்காரன் தடுத்தான். நம்ம சீட்டுக்குப் பின்னால அச்சடிச்சிருக்கு பாருங்க, பயணி கேட்டாலும் பதில் சொல்லணும்னு. காட்டினேன், வழி விட்டுட்டான்.

கேட்டது ஒரே கேள்வி. சுப்புத்தாய் ஏன் வாங்கன்னு எழுதலை? "விவரம் போதாது"ன்னு நாடா வந்துச்சு. சொன்னேன். குடத்துல இருந்து ஆரம்பிச்சு, தெபோராள் அம்மா பேசினது, காய்ச்சல், கீரை, கூட்டம், சட்டை, ஒண்ணு விடலை. இப்ப உங்ககிட்டச் சொன்னதைத்தான் அதுகிட்டயும் சொன்னேன். அப்ப ஓட ஆரம்பிச்சவருதான். கீழ தடதடன்னு கேக்குதுல்ல, அது அவருதான்.

கப்பல்காரன் ரெண்டு வாட்டி வந்துட்டுப் போயிட்டான். "பெரியவரே, தொட்டித் தண்ணி பூராவும் கொதிகலனுக்குப் போகுது, கைப்பிள்ளைக்காரிக இருக்காக, கேள்வியை வாபஸ் வாங்கிக்கிடுங்க"ங்கிறான். வாங்க மாட்டேன். என் வாழ்நாள்ல நான் போட்ட மனுவை வாபஸ் வாங்கினது இல்லை. அதுவும் இதையா வாங்குவேன்? மத்ததெல்லாம் தெருவுக்காகப் போட்டேன் தம்பி. இது ஒண்ணுதான் எனக்காகப் போட்டது.

ஏன் அப்படிப் பாக்குறீக? உங்களுக்கு என்னமோ தோணுது போலிருக்கு. வேண்டாம். சொல்லாதீங்க. தெபோராள் அம்மாவும் இப்படித்தான் பாப்பாக. வெயிலுமுத்து கட்டிப் பிடிச்சுட்டு விட்டானே, அப்பவும் இப்படித்தான் பாத்தான். மனுசங்க சொன்னா அது அவுகவுக அபிப்பிராயம், அதை நான் ஏத்துக்கிட முடியாது. அவரு சொல்லட்டும். எம்புட்டு நேரம் ஆனாலும் நல்லா யோசிச்சுச் சொல்லட்டும்.

நான் பொறுத்துக்கிடுறேன்.